வீட்டு ஓனர் ‘காலி பண்ணுங்க’ என்றால்: தமிழ்நாட்டில் வாடகைக்குக் குடியிருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

‘அடுத்த மாசம் வீட்டைக் காலி பண்ணிடுங்க’ என்று ஓனர் வாசலில் நின்று சொன்னதுமே பலர் வீடு தேட ஓடிவிடுகிறார்கள். சிலர் நேர் எதிராக, ‘எங்களை யாரும் அசைக்க முடியாது’ என்று வாடகையை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். இரண்டுமே தவறு. எங்கள் வீட்டில் இந்தச் சிக்கல் நோட்டீஸில் தொடங்கி நீதிமன்றம் வரை போனது. அந்த அலைச்சலில் தெரிந்துகொண்டதை, அடுத்தவர்களாவது முன்கூட்டியே தெரிந்துகொள்ளட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். உங்களைச் சட்டப்படி வெளியேற்ற நீதிமன்ற உத்தரவால் மட்டுமே முடியும். ஓனர் வாயால் சொல்வதோ, வாட்ஸ்அப் செய்தியோ, வக்கீல் நோட்டீஸோ உங்களை வெளியேற்றும் உத்தரவு ஆகாது. ஆனால் அந்த உத்தரவுக்கான பாதை முழுக்கக் காகிதங்களால் ஆனது. ஒவ்வொரு காகிதத்துக்கும் ஒரு கெடு உண்டு. கெடுவைத் தவறவிட்டவர்கள்தான் பெரும்பாலும் வீட்டை இழக்கிறார்கள்.

இப்போது நடப்பில் இருப்பது 2017-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட நில உரிமையாளர் மற்றும் வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம். 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது. 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய்விட்டது. ‘இருபது வருஷமா இருக்கோம், எங்களை எழுப்ப முடியாது’ என்று பெரியவர்கள் சொல்லும் ஆறுதல் பெரும்பாலும் அந்தப் பழைய காலத்தது. அதை நம்பி எந்த முடிவும் எடுக்காதீர்கள். கோயில், வக்ஃபு, அரசு ஆகியவற்றுக்குச் சொந்தமான கட்டடங்களுக்கும், வேலையோடு சேர்த்துக் கொடுக்கப்படும் குடியிருப்புகளுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது. அப்படிப்பட்ட இடத்தில் இருப்பவர்கள் தனியாக ஒரு வக்கீலைக் கேட்டுக்கொள்வது நல்லது.

1. ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள்

இன்று இரவே பீரோவைத் திறந்து வாடகை ஒப்பந்தத்தை எடுங்கள். நான்கு விஷயங்களைப் பாருங்கள்: எந்தத் தேதியில் முடிகிறது, வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, வாடகையை உயர்த்துவது பற்றி என்ன எழுதியிருக்கிறது.

எழுத்தில் ஒப்பந்தமே இல்லை என்றால், நீங்கள் இருப்பதிலேயே ஆபத்தான இடத்தில் நிற்கிறீர்கள். இது பலருக்குத் தெரியாது. எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியதே இந்தச் சட்டத்தின் 21-ஆம் பிரிவில் வெளியேற்றுவதற்கான ஒரு காரணமாக இருக்கிறது. மாதம் தவறாமல் வாடகை கொடுத்திருந்தாலும், வீட்டைக் கண்ணாடி மாதிரி வைத்திருந்தாலும், ‘ஒப்பந்தம் இல்லை’ என்ற ஒரே வரியில் ஓனர் வழக்குப் போட முடியும். ‘நமக்குள்ள எதுக்குங்க பேப்பர் எல்லாம்’ என்று ஓனர் அன்பாகச் சொன்னாலும் நீங்கள் விடாதீர்கள். ஒப்பந்தம் போடும்படி எழுத்தில் கேளுங்கள். அவர் மறுத்தால், நீங்கள் கேட்டதற்கான சான்றாவது கையில் இருக்க வேண்டும்.

ஒப்பந்தம் இருந்து காலம் முடிந்திருந்தால்? புதுப்பிக்காமலும் காலி செய்யாமலும் தொடர்ந்தால், பழைய நிபந்தனைகளின்படியே மாதாமாதம் நீட்டிக்கப்பட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. ஆனால் அதிகபட்சம் 6 மாதம்தான். அதனால் ஒப்பந்தம் முடிய 3 மாதம் இருக்கும்போதே ‘புதுப்பித்துத் தாருங்கள்’ என்று கடிதம் கொடுத்துவிடுங்கள். காலம் முடிந்த பிறகு கேட்டால் பேரம் பேசும் பலம் உங்களிடம் இருக்காது.

குடும்பத்தில் யார் பெயரில் ஒப்பந்தம் இருக்கிறதோ அவர் இறந்துவிட்டால் உடனே வெளியே போக வேண்டியதில்லை. அவரோடு அதே வீட்டில் வாழ்ந்த மனைவி அல்லது கணவர், பிள்ளைகள், பெற்றோர், விதவையான மருமகள் ஆகியோருக்கு மீதமுள்ள ஒப்பந்தக் காலத்துக்கு உரிமை தொடரும்.

2. ஒப்பந்தத்தை வாடகை அதிகார அமைப்பில் பதிவு செய்யுங்கள்

‘11 மாசத்துக்குப் போட்டாச்சு, ரிஜிஸ்டர் பண்ணத் தேவையில்லை’ என்பது ஊர் முழுக்க இருக்கும் நம்பிக்கை. அதில் பாதிதான் உண்மை. ஓராண்டுக்குக் குறைவான வாடகை ஒப்பந்தத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வது கட்டாயமில்லை. ஆனால் 2017 சட்டம் கேட்கும் பதிவு வேறு. அது வாடகை அதிகார அமைப்பிடம் செய்ய வேண்டியது. 11 மாத ஒப்பந்தத்துக்கும் அது உண்டு. துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரியை இதற்காக மாவட்ட ஆட்சியர் நியமித்திருப்பார். எந்த அலுவலகம் என்பதை ஆட்சியர் அலுவலகத்திலோ கோட்டாட்சியர் அலுவலகத்திலோ கேட்டால் சொல்வார்கள். தமிழ்நாடு அரசின் வாடகைப் பதிவு இணையதளம் வழியாகவும் விண்ணப்பிக்கலாம்.

எடுத்து வைக்க வேண்டியவை: கையெழுத்தான ஒப்பந்தம், இரு தரப்பின் அடையாளச் சான்றுகள், புகைப்படங்கள், வீட்டின் முழு முகவரி. வீட்டு வரி ரசீது நகலும், மின் இணைப்பு எண்ணும் கையில் இருந்தால் நல்லது. ஸ்கேன் தெளிவாக இருக்கட்டும். செல்போனில் சாய்வாக எடுத்த படத்தைப் போட்டுவிட்டு, எழுத்து தெரியவில்லை என்று விண்ணப்பம் திரும்பி வந்தால் நாட்கள் வீணாகும். ஓனர்தான் பதிவு செய்ய வேண்டும் என்றில்லை, நீங்களே விண்ணப்பிக்கலாம். முடிந்ததும் ஒரு பதிவு எண் கிடைக்கும். அதை அச்சடித்து ஒப்பந்தத்தோடு சேர்த்து வையுங்கள். பதிவு செய்யாத ஒப்பந்தம் நீதிமன்றத்தில் சான்றாக நிற்பது கடினம்.

ஒப்பந்தத்தில் இரண்டு அசல் போடுங்கள். ஒன்று உங்களுக்குரியது. ‘நகல் எடுத்துத் தர்றேன்’ என்று சொல்லி இரண்டையும் ஓனரோ தரகரோ எடுத்துக்கொண்டு போக விடாதீர்கள்.

அட்வான்ஸ் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது சட்டம். ஆனால் அதே வரியில், ஒப்பந்தத்தில் வேறு விதமாக ஒத்துக்கொண்டிருந்தால் அதன்படி என்ற விலக்கும் இருக்கிறது. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்பவர்கள் இன்னும் இருப்பது இதனால்தான். கையெழுத்துப் போடுவதற்கு முன்பு பேசி முடியுங்கள். அப்புறம் பேசிப் பயனில்லை. ஒருவேளை கூடுதலாகக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், முழுத் தொகையும் ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும், வங்கி வழியாகவே போக வேண்டும்.

3. வாடகைக்குத் தடயம் வையுங்கள்

வெளியேற்ற வழக்குகளில் ஓனர் தரப்பு முதலில் தேடுவது வாடகைப் பாக்கியை. அந்தக் கதவை நீங்கள் மூடிவிட்டால் பாதி வழக்கு அங்கேயே தளர்ந்துவிடும்.

வாடகையை வங்கிப் பரிமாற்றமாகவோ யூபிஐ வழியாகவோ அனுப்புங்கள். குறிப்பில் எந்த மாத வாடகை என்று எழுதுங்கள். மின்னணு முறையில் அனுப்பினால் வங்கியின் ஒப்புகையே போதிய சான்று என்று சட்டமே சொல்கிறது. ரொக்கமாகத்தான் வேண்டும் என்று ஓனர் அடம்பிடித்தால், கையெழுத்திட்ட ரசீது கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மாதாந்தரப் பராமரிப்புத் தொகை, தண்ணீர்ப் பணம், மின் கட்டணம் ஆகியவற்றையும் தனித்தனியாகக் காட்டும்படி செலுத்துங்கள். ‘வாடகை மற்றும் இதர கட்டணங்கள்’ என்றுதான் சட்டம் பேசுகிறது. வாடகையை ஒழுங்காகக் கொடுத்துவிட்டு மெயின்டனன்ஸை நிறுத்தி வைத்தால் அதுவும் பாக்கிதான்.

சரி, ஓனர் வாடகையையே வாங்க மறுத்தால்? இது திட்டமிட்டே செய்யப்படுவது. இரண்டு மாதம் வாங்காமல் விட்டு, அப்புறம் ‘பாக்கி வைத்திருக்கிறார்’ என்று நோட்டீஸ் அனுப்புவார்கள். ‘அவர்தானே வாங்கல, நான் என்ன செய்ய’ என்று சும்மா இருக்கவே கூடாது. செய்ய வேண்டியது இது:

மறுத்த மாதமே வாடகையை மணியார்டராக அனுப்புங்கள். கமிஷன் தொகையில் ஏறத்தாழ 5 சதவீதம் வரும். 8,000 ரூபாய் வாடகைக்கு 400 ரூபாய் போல. வலிக்கும், ஆனாலும் கட்டுங்கள். கூடவே ஒரு சிறு கடிதமும் போகட்டும்:

‘ஐயா, இந்த மாத வாடகையைத் தங்களிடம் கொடுக்க வந்தபோது தாங்கள் பெற்றுக்கொள்ள மறுத்தீர்கள். ஆகவே அந்தத் தொகையை மணியார்டராக அனுப்பியுள்ளேன். தொடர்ந்து வாடகை செலுத்த நான் தயாராக இருக்கிறேன். பணம் அனுப்பத் தங்கள் வங்கிக் கணக்கு எண்ணைத் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.’

இவ்வளவு போதும். கோபம், பழங்கதை, ‘நீங்க எங்களை எப்படி எல்லாம் நடத்தினீங்க தெரியுமா’ என்பதெல்லாம் அதில் வேண்டாம். பதிவுத் தபால் 2025-இல் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைக்கப்பட்டுவிட்டதால், கவுண்டரில் பதிவுச் சேவையும் டெலிவரிச் சான்றும் சேர்த்து வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். எங்களுக்கு அந்தக் கவர் திரும்பி வந்தது. முகவரியின் மேல் பேனாவால் ஒரு கோடு, ஓரத்தில் ‘வாங்க மறுத்தார்’ என்று தபால்காரரின் கையெழுத்து, கீழே தேதி. அதைப் பிரிக்காமல் அப்படியே வையுங்கள். பிரித்தால் உள்ளே என்ன இருந்தது என்று வாதம் கிளம்பும். ஒட்டிய நிலையில் இருக்கும் அந்தக் கவர்தான் உங்கள் சாட்சி. மணியார்டர் திரும்பிய சீட்டையும் அதோடு சேர்த்து வையுங்கள்.

தொடர்ந்து இரண்டு மாதம் இப்படி அனுப்பியும் வாங்கவில்லை என்றால், வாடகையை வாடகை அதிகார அமைப்பிடம் செலுத்த மனுச் செய்யலாம். அனுமதி கிடைத்ததும் ஒவ்வொரு மாதமும் தவறாமல் அங்கே கட்டி ரசீது வாங்குங்கள்.

இன்னொரு பெரிய பள்ளம்: ‘அட்வான்ஸ்ல கழிச்சுக்குங்க’. கடைசி இரண்டு மூன்று மாத வாடகையை அட்வான்ஸில் கழிப்பது ஊர் வழக்கமாக இருக்கலாம். ஓனர் எழுத்தில் ஒத்துக்கொள்ளாத வரை, சட்டத்தின் கண்ணில் அது வாடகைப் பாக்கி.

4. நோட்டீஸ் வந்தால் முதல் வாரத்தில் செய்ய வேண்டியவை

தபாலை வாங்குங்கள். வாங்காமல் திருப்பி அனுப்பினால் தப்பித்துவிடலாம் என்று யாரோ சொல்வார்கள், கேட்காதீர்கள். சரியான முகவரிக்கு வந்த நோட்டீஸை மறுத்தால் அது கிடைத்ததாகவே கொள்ளப்படும். உள்ளே என்ன எழுதியிருந்தது என்பது மட்டும் உங்களுக்குத் தெரியாமல் போகும்.

கவரின் மேல் கிடைத்த தேதியை எழுதி, செல்போனில் இரண்டு பக்கமும் படம் எடுங்கள். பிறகு நோட்டீஸ் எதைக் கேட்கிறது என்று பாருங்கள்.

வாடகைப் பாக்கி கேட்கும் நோட்டீஸ் என்றால் அன்றிலிருந்து உங்களுக்கு ஒரு மாதம். இரண்டு மாத வாடகையும் கட்டணங்களும் பாக்கியாகி, கேட்டு நோட்டீஸ் கொடுத்த ஒரு மாதத்துக்குள் வட்டியோடு முழுவதையும் செலுத்தாவிட்டால்தான் அது வெளியேற்றுவதற்கான காரணமாகும். அதனால் இந்த ஒரு மாதத்துக்குள் கடன் வாங்கியாவது முழுப் பாக்கியையும் கட்டிவிடுங்கள். ‘பாதி இப்போ, மீதி அடுத்த மாசம்’ என்பது உங்களைக் காப்பாற்றாது. வட்டியை விட்டுவிட்டுக் கட்டுவதும் ஆபத்து. கணக்கில் தகராறு இருந்தால், ‘மறுப்புடன் செலுத்துகிறேன்’ என்று எழுதி முழுத் தொகையைக் கட்டிவிட்டு அப்புறம் கணக்கைப் பேசுங்கள். இப்படிக் கட்டித் தப்பிக்கும் சலுகையை ஒருமுறை பயன்படுத்திவிட்டு, அடுத்த ஓராண்டுக்குள் தொடர்ந்து இரண்டு மாதம் தவறினால் மறுபடி அது கிடைக்காது.

வாடகைக் காலத்தை முடிக்கும் நோட்டீஸ் என்றால், மாதாந்தரக் குடியிருப்புக்கு 15 நாள் அவகாசம் தரவேண்டும் என்பது சொத்து மாற்றுச் சட்டத்தின் பொது விதி. இந்த 15 நாள் முடிந்ததும் சாமான்களை வெளியே வைத்துவிடுவார்கள் என்று பயப்படாதீர்கள். அதற்கு அடுத்து ஓனர் வழக்குத்தான் போட முடியும்.

வக்கீல் நோட்டீஸுக்கு எழுத்தில் பதில் கொடுங்கள். பதில் தராவிட்டால் நோட்டீஸில் இருந்ததை நீங்கள் மறுக்கவில்லை என்று பின்னால் வாதிடுவார்கள். பதிலை ஒரு வக்கீலை வைத்தே அனுப்புவது நல்லது. அந்தச் செலவில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

5. ஓனர் சொல்லும் காரணம் செல்லுமா என்று பாருங்கள்

ஒப்பந்தக் காலம் ஓடிக்கொண்டிருக்கும்போது, சட்டத்தில் சொன்ன காரணங்கள் இல்லாமல் வெளியேற்ற முடியாது. சுருக்கமாகச் சொன்னால்: எழுத்து ஒப்பந்தம் செய்யாதது, மேலே சொன்ன வாடகைப் பாக்கி, ஓனரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் வீட்டையோ ஒரு பகுதியையோ வேறொருவருக்கு விட்டது, நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் கொடுத்த பிறகும் வீட்டைத் தவறாகப் பயன்படுத்துவது, வீட்டில் ஆள் குடியிருக்கும்போது செய்யவே முடியாத பழுதுபார்ப்பு அல்லது இடித்துக் கட்டுவது, ஓனருக்கே சொந்த உபயோகத்துக்கு வீடு தேவைப்படுவது.

‘வேறொருத்தர் கூடுதல் வாடகை தர்றாங்க’ என்பது இந்தப் பட்டியலில் இல்லை. ‘வீட்டை வித்துட்டோம்’ என்பதும் அப்படித்தான். வீடு கைமாறினால் புது உரிமையாளர் பழையவரின் இடத்துக்கு வருகிறார். உங்கள் ஒப்பந்தம் அவரையும் கட்டுப்படுத்தும். ஆனால் யாருக்கு வாடகை கொடுப்பது என்பதில் கவனமாக இருங்கள். விற்பனைப் பத்திர நகலையும், ‘இனி இவரிடம் வாடகை கொடுங்கள்’ என்ற பழைய ஓனரின் கடிதத்தையும் வாங்காமல் புதியவருக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். உங்கள் அட்வான்ஸ் யார் கணக்கில் இருக்கிறது என்பதையும் அதே கடிதத்தில் எழுதி வாங்குங்கள்.

மச்சானும் அவர் குடும்பமும் நாலு மாதம் வந்து தங்கியதை ‘உள்வாடகை’ என்று எழுதிய நோட்டீஸ்களும் வருவது உண்டு. நீண்ட நாள் தங்கும் உறவினர் இருந்தால், அவர் வாடகை எதுவும் தரவில்லை, விருந்தாளிதான் என்று ஓனருக்கு முன்கூட்டியே ஒரு செய்தி அனுப்பி வைத்துவிடுங்கள்.

வாடகையை உயர்த்துவதை வைத்து வெளியேற்றப் பார்ப்பதும் உண்டு. ஒப்பந்தத்தில் உயர்வு பற்றி எழுதியிருந்தால் அதன்படிதான். எழுதாவிட்டால் மூன்று மாதத்துக்கு முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும். அந்த நோட்டீஸுக்கு நீங்கள் ஒன்றுமே சொல்லாமல் இருந்தால் ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும். உடன்பாடு வராவிட்டால் வாடகையை நிர்ணயிக்கும்படி வாடகை அதிகார அமைப்பிடம் போகலாம்.

6. தண்ணீரை, மின்சாரத்தை நிறுத்தினால், பூட்டுப் போட்டால்

வழக்குப் போட்டால் நாளாகும் என்று சில ஓனர்கள் குறுக்கு வழிக்குப் போவார்கள். மோட்டாரைப் போடமாட்டார்கள். மீட்டர் பெட்டியில் உங்கள் வீட்டு ஃபியூஸ் கட்டையை மட்டும் உருவிக்கொண்டு போவார்கள். மாடிப்படி விளக்கு எரியாது. இவை எல்லாமே சட்டவிரோதம். குடிநீர், மின்சாரம், படிக்கட்டு விளக்கு, லிஃப்ட், கழிவுநீர் போன்ற அத்தியாவசிய வசதிகளை ஓனரோ அவருடைய ஆளோ நிறுத்தக் கூடாது என்று 20-ஆம் பிரிவு சொல்கிறது. நீங்கள் பாக்கி வைத்திருந்தாலும் இதைச் செய்ய அவருக்கு உரிமை கிடையாது.

உடனே செய்ய வேண்டியது: படம், வீடியோ எடுங்கள். தேதியும் நேரமும் தெரியட்டும். காலியான ஃபியூஸ் இடம், பக்கத்து மீட்டர்கள் ஓடுவது, உங்கள் இணைப்பு எண் மூன்றும் ஒரே படத்தில் வருமாறு எடுங்கள். அப்போதுதான் ‘ஏரியா முழுக்கக் கரண்ட் இல்லை’ என்ற சாக்கு எடுபடாது. மின் கட்டணம் கட்டிய ரசீதையும் சேருங்கள். இவற்றோடு வாடகை அதிகார அமைப்பிடம் மனுக் கொடுத்து, இணைப்பை உடனே திரும்பத் தரும்படி இடைக்கால உத்தரவு கேளுங்கள். ‘இடைக்கால உத்தரவு’ என்ற வார்த்தை மனுவில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது சாதாரணப் புகாராகக் கோப்பில் கிடக்கும். விசாரணையை ஒரு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. மனுவின் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் போட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள்.

பூட்டை மாற்றினாலோ, சாமான்களை வெளியே எறிந்தாலோ, ஆட்களை வைத்து மிரட்டினாலோ 112 அல்லது 100-ஐ அழையுங்கள். காவல் நிலையத்தில் ‘இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க’ என்று சொல்லக்கூடும். வாடகைத் தகராறு சிவில்தான். ஆனால் மிரட்டலும் அத்துமீறி நுழைவதும் குற்றம். புகாரில் வாடகைக் கதையை விட்டுவிட்டு, யார் எத்தனை மணிக்கு என்ன செய்தார் என்பதை மட்டும் எழுதி, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். நீதிமன்ற உத்தரவு இல்லாமல் உங்களை வெளியேற்றிவிட்டால், 6 மாதத்துக்குள் குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் (Specific Relief Act) 6-ஆம் பிரிவின்படி வீட்டைத் திரும்பக் கேட்டு வழக்குப் போடலாம். 6 மாதம் தாண்டினால் இந்த வழி அடைபட்டுவிடும்.

ஓனர் வீட்டைப் பார்க்க வருவதற்கும் விதி உண்டு. 24 மணி நேரத்துக்கு முன்பு எழுத்தில் சொல்ல வேண்டும். காலை 7 மணிக்கு முன்பும் இரவு 8 மணிக்குப் பின்பும் வரக் கூடாது.

7. சம்மன் வந்த பிறகு

வழக்கு வாடகை நீதிமன்றத்தில் நடக்கும். சென்னையில் சிறுவழக்கு நீதிமன்ற வளாகத்தில். சம்மனில் ஆர்.எல்.டி.ஓ.பி. (RLTOP) என்று தொடங்கும் வழக்கு எண் இருக்கும். அதையும் முதல் வாய்தா தேதியையும் பத்திரமாகக் குறித்து வையுங்கள். ஈ-கோர்ட்ஸ் ஆப்பில் வழக்கைத் தேடி அடுத்த தேதியை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். வக்கீலிடமிருந்து தகவல் வரும் என்று மட்டும் காத்திருக்காதீர்கள்.

முதல் வாய்தாவுக்குப் போகாமல் இருப்பதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. டபேதார் பெயரைக் கூப்பிடும்போது யாரும் இல்லை என்றால் ஒருதலைப்பட்சமாக உத்தரவு வந்துவிடும். அப்படி வந்துவிட்டால் அதை நீக்கக் கேட்டு உடனே மனுப் போடலாம், ஆனால் ஏன் வரவில்லை என்பதற்குச் சான்றோடு காரணம் சொல்லியாக வேண்டும்.

வக்கீலைச் சந்திக்கப் போகும்போது கட்டாக எடுத்துப் போக வேண்டியவை:

ஒப்பந்தத்தின் அசல், பதிவு எண், குடிவந்த நாளிலிருந்து வாடகை செலுத்திய வங்கிக் கணக்கு விவரம், அதில் வாடகை வரிகளுக்கு மட்டும் கோடு போட்டு, ரொக்க ரசீதுகள், அட்வான்ஸ் கொடுத்த சான்று, வந்த நோட்டீஸ், கவர், நீங்கள் அனுப்பிய பதில், தபால் ரசீதுகள், திரும்பி வந்த மணியார்டர், வாட்ஸ்அப் உரையாடலின் அச்சு, மின் கட்டண ரசீதுகள்.

இவற்றைத் தேதி வரிசையில் அடுக்கி, பக்க எண் போட்டு, மேலே ஒரு பட்டியல் வையுங்கள். இது வக்கீலின் வேலை என்று விடாதீர்கள். உங்கள் வாழ்க்கையின் கணக்கு உங்களுக்குத்தான் தெரியும். அசல்களை ஒருபோதும் மொத்தமாகக் கொடுத்துவிட்டு வராதீர்கள். கொடுத்தே ஆக வேண்டியதற்கு ஒரு பட்டியலில் கையெழுத்து வாங்குங்கள்.

வக்கீல் ஃபீஸை முதலிலேயே பேசுங்கள். எதிருரை தாக்கல் வரைக்கும் எவ்வளவு, முழு வழக்குக்கும் எவ்வளவு, டைப்பிங், வக்காலத்து ஸ்டாம்ப், நகல் செலவு அதில் அடங்குமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் தனியாகப் பணம் என்ற ஏற்பாடு உங்களுக்கு ஆகாது. பணம் கட்ட வழியில்லாதவர்கள் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-ஐ அழையுங்கள். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வக்கீல் கொடுப்பார்கள். வாடகைப் பத்திரம் மனைவி பெயரில் இருந்தால் இந்த உதவியை அவர் பெயரிலேயே கேட்கலாம்.

வழக்கு நடக்கும்போதும் வாடகையை நிறுத்தாதீர்கள். வழக்குக் காலத்து வாடகையைச் செலுத்தும்படி நீதிமன்றம் உத்தரவிட ஓனர் கேட்க முடியும். அதைத் தவறவிட்டால், நல்ல வழக்கும் கெட்டுப்போகும்.

8. உத்தரவு உங்களுக்கு எதிராக வந்தால்

தீர்ப்பு நாளன்றே சான்றளிக்கப்பட்ட நகலுக்கு விண்ணப்பியுங்கள். வாடகைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள். மேல்முறையீடு போட்டதாலேயே வெளியேற்றம் நிற்காது. தடையுத்தரவு தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். வாங்காவிட்டால், மேல்முறையீடு ஒருபுறம் நடந்துகொண்டிருக்க, மறுபுறம் நீதிமன்ற ஊழியரான அமீனா உத்தரவோடு வாசலுக்கு வந்து நிற்பார்.

காலம் முடிந்த பிறகும், உத்தரவு வந்த பிறகும் வீட்டைப் பிடித்துக்கொண்டிருந்தால் வாடகையைப் போல் இரண்டு மடங்கு என்ற அளவில் இழப்பீடு கேட்கும் உரிமை ஓனருக்குப் பிறக்கிறது. ‘இழுத்தடிச்சா அவங்களே இறங்கி வருவாங்க’ என்று யோசனை சொல்பவர்கள் இந்தக் கணக்கைச் சொல்ல மாட்டார்கள். 12,000 ரூபாய் வாடகை வீட்டில் எட்டு மாதம் இழுத்தால், இரட்டிப்பில் 1,92,000 ரூபாய்.

9. பேசித் தீர்க்க முடிந்தால்

ஓனருக்கு உண்மையிலேயே வீடு தேவை, உங்களுக்கும் நல்ல வழக்கு இல்லை என்றால், பேசித் தீர்ப்பதுதான் உங்களுக்கு லாபம். பிள்ளைகளின் பள்ளி ஆண்டு முடியும்வரை அவகாசம் கேளுங்கள். ஏப்ரல் கடைசி என்று தேதி குறிப்பது இரு தரப்புக்கும் ஒத்துவரும். பேசியது எல்லாம் எழுத்தில் வரவேண்டும்: காலி செய்யும் தேதி, அதுவரை வாடகை, அட்வான்ஸ் எந்தத் தேதியில் எப்படித் திரும்பும், எந்தெந்தப் பழுதுக்குக் கழிப்பார். வழக்கு நிலுவையில் இருந்தால் இந்த ஒப்பந்தத்தை நீதிமன்றத்திலேயே தாக்கல் செய்து பதிவாக்குங்கள். வெளியே பேசிக்கொண்டு வாய்தாவுக்குப் போகாமல் விட்டால் எக்ஸ்பார்ட்டி, அதாவது ஒருதலைப்பட்ச உத்தரவு ஆகிவிடும்.

அட்வான்ஸைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்ப வேண்டும் என்பது சட்டம். ‘வெள்ளையடிக்க ஒரு மாச வாடகை’ என்று கழிப்பதற்கு, ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். சட்டத்தின் அட்டவணைப்படி சுவருக்கு வெள்ளையடிப்பதும், கதவு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பதும், குழாய் பதிப்பும் மின் வயரிங்கும் ஓனர் பொறுப்பு. குழாய் வாஷர், ஸ்விட்ச், ஜன்னல் கண்ணாடி, வாஷ்பேசின், சாக்கடை அடைப்பு போன்றவை உங்கள் பொறுப்பு. உடைந்தவற்றை நீங்களே ஆள் வைத்து மாற்றிவிடுங்கள். ஓனர் கழிப்பதைவிட எப்போதும் குறைவாகத்தான் ஆகும்.

சாமான் ஏற்றியதும் ஒவ்வோர் அறையையும் வீடியோ எடுங்கள். மீட்டர் ரீடிங் படமும் வேண்டும். சாவியைத் தரகரிடமோ பக்கத்து வீட்டிலோ கொடுக்காமல் ஓனரிடமே கொடுத்து, ‘இன்ன தேதியில் சாவி பெற்றுக்கொண்டேன், திருப்ப வேண்டிய அட்வான்ஸ் இவ்வளவு’ என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்குங்கள். அவர் ஊரில் இல்லை என்றால் சாவி கொடுக்கும் தேதியைச் செய்தியில் அனுப்பி, பதில் வந்த பிறகு கொடுங்கள். அந்தத் தேதியிலிருந்துதான் அட்வான்ஸுக்கான ஒரு மாதம் ஓடத் தொடங்கும்.